பழுதான பள்ளிக் கட்டிடங்களும் அரசாங்க நிதியுதவியும்

குடியானவர் தம் வீட்டுக் கூரைக்கு எப்போது ஓலை மாற்ற வேண்டும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மழை பிடிப்பதற்கு முன் வேலையை முடிக்காவிட்டால் வீட்டில் உள்ள தானியமும் துணிமணியும் நனைந்து போகும் என்பதை அவர் நன்கறிவார். ஆனால் அதே ஊரின் பொதுச் சொத்தாகிய பள்ளிக்கூடத்தின் மாடித் தளத்தில் ஏறிப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று விசாரித்தால், பெரும்பாலான கிராமங்களில் ஒருவர் இருவருக்கு மேல் இருக்கமாட்டார்கள். இந்தக் கட்டுரையில், பழுதடைந்த பள்ளிக் கட்டிடங்களுக்கு எந்தெந்த வகையில் அரசாங்கப் பணம் கிடைக்கிறது, அதை எப்போது, எவ்வாறு கேட்க வேண்டும் என்பவற்றைக் கூற விரும்புகிறோம். பணம் இல்லாமையால் பழுதான கட்டிடங்களைக் காட்டிலும், காலத்தில் கேட்காமையால் பழுதானவையே அதிகம் என்பது நமது அநுபவம்.

நம் கிராமப் பள்ளிகளின் வரலாற்றைச் சிறிது நினைவுகூர்வது இங்கே பொருத்தமாகும். முதலமைச்சர் காமராஜ் அவர்களின் காலத்தில், பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சியால் பள்ளிச் சீரமைப்பு இயக்கம் நடைபெற்றது. 1958-இல் அப்போதைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் தொடங்கிய இவ்வியக்கம் மாநிலமெங்கும் பரவியது. ஊரார் நிலம் கொடுத்தனர், மரம் கொடுத்தனர், சிலர் கட்டிடத்தையே கட்டிக் கொடுத்தனர். அதே 1958-இல் நிறைவேறிய பஞ்சாயத்துச் சட்டத்தின்படி பஞ்சாயத்து யூனியன்கள் அமைந்தபோது, ஜில்லா போர்டுகளின் தொடக்கப் பள்ளிகள் அவற்றின் பொறுப்பிற்கு வந்தன. இன்றும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி என்று பெயர்ப் பலகை தாங்கி நிற்கும் பள்ளிகளின் கட்டிடம் ஒன்றியத்தின் சொத்தேயாகும். ஆசிரியர்களுக்குச் சம்பளம் வழங்குவது கல்வித் துறை. ஓடு உடைந்தால் கவனிக்க வேண்டியது ஒன்றியம். இந்த வேறுபாட்டை அறியாமல் கல்வி அலுவலகத்திற்கு மனுமேல் மனு அனுப்பிவிட்டுப் பதில் வரவில்லை என்று குறைப்பட்டுக்கொள்ளும் ஊர்கள் பல உண்டு. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளின் கட்டிடங்கள் கல்வித் துறையைச் சார்ந்தவை. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கும், மதுரை, தேனி, திண்டுக்கல் பகுதிகளில் உள்ள கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளுக்கும் வரலாறும் நிர்வாகமும் வேறு. ஆகவே, மனு எழுதுமுன் கட்டிடம் யாருடையது என்பதை ஒன்றிய அலுவலகத்துச் சொத்துப் பதிவேட்டில் பார்த்துக்கொள்வது நலம்.

நமது ஒன்றியங்களில் உள்ள பள்ளிக் கட்டிடங்களை வயதைக் கொண்டு மூன்று தலைமுறை என்று பிரிக்கலாம். ஒவ்வொரு தலைமுறைக்கும் நோய் வேறு, மருந்தும் வேறு.

முதல் தலைமுறை, ஓட்டுக் கட்டிடங்களும் கட்டைத் தளம் போட்ட கட்டிடங்களும் ஆகும். அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்டவை இவை. சுண்ணாம்பை நன்றாக அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்துக் கட்டிய அந்நாளையக் கொத்தனார்களின் சுவர்கள் இன்றும் பல இடங்களில் அசையாமல் நிற்கின்றன. கெடுவது சுவரன்று, மரமே. கைமரங்களும் ரீப்பர்களும் சுவரில் பதிந்துள்ள இடங்களில் கரையான் ஏறுகிறது. வெளியில் பார்க்க மரம் முழுதாக இருக்கும். கடப்பாரை முனையால் குத்தினால் உள்ளே மண். உடைந்த ஓட்டின் வழியே சொட்டும் நீர் மரத்தில் இறங்கி, கரையானுக்கு வழி காட்டுகிறது. நாலு ஓடு மாற்ற வேண்டிய வேலையை இரண்டு மழைக்காலம் தள்ளிப் போட்டால், கூரை முழுவதையும் பிரித்து மேய வேண்டிய வேலையாகிறது.

இரண்டாம் தலைமுறை 1987-இல் தொடங்கிய கரும்பலகைத் திட்டத்தின் காலத்தைச் சேர்ந்தது. ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் எக்காலத்துக்கும் ஏற்ற இரண்டு அறைகளும் ஒரு தாழ்வாரமும் வேண்டும் என்பது அத்திட்டத்தின் நோக்கங்களில் ஒன்று. அக்காலத்திலும் அதனை அடுத்தும் கட்டப்பெற்ற கான்கிரீட் கட்டிடங்கள் இன்று முப்பது, நாற்பது ஆண்டு நிறைந்தவை. நம்மை அதிகம் கவலைக்குள்ளாக்குவன இவைதாம். ஓட்டுக் கட்டிடம் ஒழுகினால் எல்லோருக்கும் தெரியும். கான்கிரீட் கட்டிடமோ நோயை உள்ளே மறைத்து வைத்திருக்கும். தளத்தில் தேங்கும் நீர் வெடிப்பின் வழியே இறங்கிக் கம்பியைத் தொடுகிறது. கம்பி துருப்பிடிக்கிறது. துரு, தான் தோன்றிய இரும்பைக் காட்டிலும் பல மடங்கு இடம் கொள்ளும் பொருள். அது பருக்கும்போது, கம்பியை மூடியுள்ள கான்கிரீட் வெடித்துக் கட்டி கட்டியாகக் கீழே விழுகிறது. அந்த மூடுதளம் ஓர் அங்குலம்கூட இருப்பதில்லை. கடலோர மாவட்டங்களில் உப்புக் காற்றினால் இது இன்னும் விரைவாக நடக்கும். கட்டும்போதே உப்பு நீரைப் பயன்படுத்தியிருந்தால் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது தலைமுறை, 2001-க்குப் பின் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் கீழ் எழுந்த வகுப்பறைகளாகும். இவற்றிற்குப் பெரும்பாலும் தட்டோடு மாற்றுதல், பூச்சு வேலை, கழிப்பறைப் பழுது ஆகியவையே போதும்.

கட்டிடத்தின் வயதை அறிவதற்கு ஓர் எளிய வழி உண்டு. அரசாங்கக் கட்டிடங்களின் சுவரில் திட்டத்தின் பெயர், ஆண்டு, மதிப்பீட்டுத் தொகை ஆகியவற்றை எழுதி வைப்பது வழக்கம். ஆண்டு விழாவுக்கு வெள்ளையடிக்கிறவர்கள் இந்த எழுத்தின் மீதும் பட்டை போட்டு மறைத்துவிடுகிறார்கள். பின்னர் வரும் பொறியாளர் கட்டிடம் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு அலைய வேண்டியிருக்கிறது. வெள்ளையடிப்பதனால் இன்னொரு கெடுதலும் உண்டு. உட்கூரையில் காரை பெயர்ந்த இடத்தைச் சிமெண்டால் பூசி வர்ணம் அடித்துவிட்டால் பார்வைக்கு அழகாக இருக்கும்; உள்ளே துரு மட்டும் வளர்ந்துகொண்டே இருக்கும். பெயர்ந்த பகுதியைத் தட்டி அகற்றி, கம்பியின் துருவைச் சுரண்டி, தேய்ந்த கம்பிக்குத் துணைக் கம்பி கட்டி, துருத் தடுப்புப் பூச்சு கொடுத்து, பழைய கான்கிரீட்டோடு ஒட்டும் கலவையைக் கொண்டு அடைப்பதே முறையான பழுதுபார்ப்பு. ஒப்பந்தக்காரர் வெறும் பூச்சு வேலை செய்கிறாரா, இந்த வேலையைச் செய்கிறாரா என்பதைப் பஞ்சாயத்து உறுப்பினர் ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்தாலே போதும், தெரிந்துவிடும்.

நமது வட்டாரத்தின் சிற்றூர் ஒன்றிலிருந்து, பள்ளிக் கட்டிடம் முழுதும் ஒழுகுவதாகவும் புதிய கட்டிடம் வேண்டுமென்றும் விண்ணப்பம் வந்தது. பொறியாளருடன் சென்று தளத்தில் ஏறிப் பார்த்தோம். பக்கத்து வேப்பமரத்தின் சருகு வடிகுழாயின் வாயை அடைத்து, ஒரு சாண் உயரத்திற்கு மட்கி மண்ணாகியிருந்தது. அந்த மண்ணில் ஓர் அரசங்கன்று இடுப்பளவு வளர்ந்து, கைப்பிடிச் சுவரைப் பிளந்துகொண்டிருந்தது. தளத்தின் கான்கிரீட்டையும் கம்பியையும் சோதித்ததில் கேடு இல்லை. மண்ணை அள்ளி, கன்றை வேரோடு எடுத்து, பெயர்ந்த தட்டோடுகளை மாற்றிப் பதித்து, வடிகுழாயைப் புதுப்பித்த பின் அந்தக் கட்டிடம் ஒழுகவில்லை. புதுக் கட்டிடம் வரும் என்று எதிர்பார்த்திருந்த ஊராருக்குச் சிறிது ஏமாற்றந்தான். ஆயினும் அவ்வாண்டு ஒன்றியத்திற்குக் கிடைத்த புதுக் கட்டிடம், உண்மையிலேயே நிற்க முடியாத நிலையில் இருந்த வேறொரு பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது.

எல்லாக் கட்டிடங்களும் இவ்வாறு பிழைப்பவை அல்ல. 2004 ஜூலை 16-இல் கும்பகோணத்தில் ஒரு தனியார் பள்ளியின் கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டதை நாடு மறக்கவில்லை. அதன் பின்னரே பள்ளிகளில் ஓலைக் கூரை கூடாது என்ற கண்டிப்பு வந்தது. 2021 டிசம்பர் 17-இல் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து விழுந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தனர். அதனையடுத்து மாநிலமெங்கும் பள்ளிக் கட்டிடங்களை ஆய்வு செய்து, பாழடைந்தவற்றை இடிக்குமாறு அரசாங்கம் உத்தரவிட்டது. திருநெல்வேலியில் விழுந்தது வகுப்பறை அன்று, கழிப்பறைச் சுவர் என்பதைக் கவனிக்க வேண்டும். பார்வையிடச் செல்பவர்கள் வகுப்பறைகளைப் பார்த்துவிட்டுத் திரும்புவதே வழக்கமாக இருக்கிறது. சுற்றுச்சுவர், கழிப்பறை, பயன்படுத்தாத பழைய சமையற் கொட்டகை, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றின் அருகில்தான் பிள்ளைகள் ஆசிரியர் கண்ணுக்கு எட்டாமல் விளையாடுகிறார்கள்.

இடிக்க வேண்டிய கட்டிடத்தைப் பற்றி ஊரில் எழும் அச்சத்தையும் நாம் அறிவோம். இடித்த பின் புதிதாகக் கட்டித் தருவார்களா, அதுவரை பிள்ளைகள் எங்கே உட்காருவார்கள், பிள்ளைகளைப் பக்கத்து ஊருக்கு அனுப்பினால் நம் ஊர்ப் பள்ளியே மூடப்பட்டுவிடாதா என்று பெற்றோர் கேட்கிறார்கள். முப்பதுக்கும் குறைந்த பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் இந்தக் கேள்வி மிகவும் நியாயமானது. இந்த அச்சத்தினாலேயே வெடிப்பை வெளியில் சொல்லாமல் மறைக்கும் ஊர்களும் உண்டு. மறைப்பதனால் பள்ளி பிழைப்பதில்லை. பிள்ளைகளின் உயிருக்குத்தான் கேடு. எனவே இடிக்கும்படி கேட்கும்போதே, ஊரிலேயே மாற்று இடத்தையும் புதிய கட்டிடத்தையும் சேர்த்து, ஒரே தீர்மானத்தில் கேட்டு எழுதுங்கள். சேவை மையக் கட்டிடம், சமுதாயக் கூடம், மகளிர் குழுக் கட்டிடம் போன்றவற்றுள் ஒன்றையேனும் பஞ்சாயத்து தற்காலிகமாக ஒதுக்கித் தர முடியும். இடிப்பதற்குத் தலைமையாசிரியரின் கடிதம், ஒன்றியப் பொறியாளரின் ஆய்வறிக்கை, மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி ஆகியவை வேண்டும். பழைய ஓடு, மரம், கம்பி ஆகியவற்றிற்கு மதிப்பு நிர்ணயித்து ஏலம் விட வேண்டும். உத்தரவு வரும் வரையில் அக்கட்டிடத்தைப் பூட்டி, முள் வேலியிட்டு, அதன் நிழலில்கூடப் பிள்ளைகள் ஒதுங்காமல் காப்பது ஊராரின் கடமை.

இனி பணத்தைப் பற்றிப் பார்ப்போம். அரசியல் சட்டத்தின் பதினோராவது அட்டவணையில் தொடக்க, இடைநிலைப் பள்ளிகள் உள்ளிட்ட கல்வி பஞ்சாயத்துகளுக்குரிய பொருள்களுள் 17-ஆவதாக இடம் பெற்றுள்ளது. ஆகவே பள்ளிக்குச் செலவிடப் பஞ்சாயத்துக்கு உரிமை உண்டா என்ற கேள்விக்கே இடமில்லை.

சிறு பழுதுகளுக்கு முதலில் கை வைக்க வேண்டியது பள்ளியின் பெயருக்கே வரும் மான்யத்தில். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் விதிகளின்படி, 30 மாணவர் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு ரூ. 10,000, 100 மாணவர் வரை ரூ. 25,000, 250 வரை ரூ. 50,000, 1,000 வரை ரூ. 75,000, அதற்கு மேல் ரூ. 1,00,000 என்று அளவு வகுக்கப்பட்டுள்ளது. இதில் பத்தில் ஒரு பங்கேனும் துப்புரவுக்குச் செலவிட வேண்டும். இத்தொகை சிறியது, சில ஆண்டுகளில் தாமதமாகவும் வரும். எனினும் வடிகுழாய், ஓடு, தாழ்ப்பாள், கழிப்பறைக் குழாய் ஆகியவற்றுக்கு இதனைப் பயன்படுத்தாமல் எல்லாவற்றையும் வர்ணத்தில் கரைத்துவிடுவது விவேகமாகாது.

இதற்கு மேற்பட்ட வேலைகளுக்கு ஒன்றியப் பொது நிதி, மாநில நிதிக்குழு மான்யம் ஆகியவற்றிலிருந்து செலவிடலாம். மத்திய நிதிக்குழு மான்யத்தில் ஒரு பகுதி குறிப்பிட்ட பணிகளுக்கென்று கட்டுண்டு வருவது. உதாரணமாக, பதினைந்தாவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரைக்கும் பரிந்துரைத்த மான்யத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் உரியதாக இருந்தது. பள்ளிக் கழிப்பறையையும் குடிநீர்த் தொட்டியையும் இவ்வகைப் பணத்தில் சேர்க்கக் கோரினால், கட்டுப்பாடில்லாத மிகுதித் தொகை வகுப்பறைக்கு மிஞ்சும். இந்தச் சூட்சுமத்தை அறிந்த தலைவர்கள் ஒரே ஆண்டில் இரண்டு வேலையை முடித்துக்கொண்டதை நாம் கண்டிருக்கிறோம்.

பெரும் பணிகளுக்கு மாநில அரசாங்கம் 2022–23 வரவு செலவுத் திட்டத்தில் பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை அறிவித்தது. ஐந்தாண்டுகளில் ரூ. 7,000 கோடி என்றும், முதல் ஆண்டிற்கு ரூ. 1,300 கோடி என்றும் அதில் கூறப்பட்டது. அதே காலத்தில் ஊரக வளர்ச்சித் துறையின் மூலம் ஒன்றியப் பள்ளிகளுக்கென்று குழந்தைகள் நேயப் பள்ளி உட்கட்டமைப்பு மேம்பாட்டுத் திட்டம் வந்தது. சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களின் தொகுதி நிதியும் உண்டு. ஊரைவிட்டு வெளியூர் சென்று நன்னிலையில் வாழும் பழைய மாணவர்கள் உதவ விரும்பினால், 2022 டிசம்பரில் தொடங்கப்பெற்ற 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' திட்டத்தின் வழியாக அளிக்கலாம். திட்டங்களின் பெயர் காலந்தோறும் மாறும். கரும்பலகைத் திட்டம் போய் வேறொன்று வந்தது போல, இன்றைய பெயருக்குப் பின் இன்னொரு பெயர் வரும். எந்தப் பெயரில் பணம் வந்தாலும், அதைப் பெறுவதற்குத் தேவையான காகிதம் ஒன்றேதான்.

அந்தக் காகிதம் பள்ளி மேம்பாட்டுத் திட்டமாகும். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் மேலாண்மைக் குழு அமைய வேண்டும் என்கிறது. அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். உள்ளாட்சி உறுப்பினருக்கும் இடமுண்டு. அக்குழு வகுக்கும் மேம்பாட்டுத் திட்டமே அரசாங்கமும் உள்ளாட்சியும் வழங்கும் மான்யத்திற்கு அடிப்படையாகும் என்று அச்சட்டத்தின் 22-ஆவது பிரிவு கூறுகிறது. நடைமுறையில் பல பள்ளிகளில் தலைமையாசிரியர் ஒருவரே இரவில் உட்கார்ந்து எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார். அவரைக் குறைகூறிப் பயனில்லை. குழுவில் உள்ள உறுப்பினர் கூட்டத்திற்கு வந்தால்தானே கலந்து எழுத முடியும்? 'பள்ளிக் கட்டிடம் மோசமாக உள்ளது' என்ற ஒரு வரியால் எந்தப் பொறியாளரும் மதிப்பீடு போட முடியாது. எந்த அறை, எந்த மூலை, எவ்வளவு நீளம், மழை பெய்த எந்த நாளில் எவ்வளவு நேரத்தில் ஒழுகத் தொடங்கிற்று என்று எழுதி, புகைப்படமும் வைத்து அனுப்பினால் அந்த மனுவுக்கு உயிர் வந்துவிடும்.

இங்கேதான் காலக்கணக்கு வருகிறது. நம் மாநிலத்தில் ஆண்டுக்கு ஆறு நாள்கள் கிராம சபை கூடுகிறது. அவற்றுள் நவம்பர் 1-ஆம் நாள் ஐப்பசி மழையின் நடுவே வருகிறது. கட்டிடத்தின் குறையைக் காண்பதற்கு அதைவிட நல்ல காலம் இல்லை. கோடையில் எல்லாக் கட்டிடமும் நல்ல கட்டிடமே. அன்று காலையில் சபைக்குச் செல்லுமுன் நான்கு பேர் பள்ளிக்குப் போய், ஈரம் பட்ட இடங்களைக் கரியால் வட்டமிட்டு வரட்டும். மழைக்காலம் முடிந்ததும் பொறியாளரை அழைத்து மதிப்பீடு வாங்கி, தை மாதத்தில் வரும் ஜனவரி 26 கிராம சபையில் தீர்மானமாக நிறைவேற்றினால், மார்ச்சுக்குள் ஒன்றியம் தன் வரவு செலவுத் திட்டத்தைத் தயாரிக்கும்போது அது கையில் இருக்கும். ஏப்ரலில் நிதியாண்டு பிறக்கிறது. நிர்வாக அனுமதியும் தொழில்நுட்ப அனுமதியும் பெற்று, ஒப்பந்தப்புள்ளி கோரி, கோடை விடுமுறையில் வேலையை முடித்துவிடலாம். ஜூன் மாதத்தில் பள்ளி திறந்த பின், வகுப்பறை வாசலில் ஜல்லியும் மணலும் குவித்துக்கொண்டு பழுதுபார்ப்பது பிள்ளைகளுக்கும் இடைஞ்சல், வேலைக்கும் கேடு. ஆனால் நம் அலுவலகத்திற்கு வரும் மனுக்களிற் பெரும்பாலானவை ஜூன், ஜூலை மாதங்களிலேயே வருகின்றன. அப்போது அவ்வாண்டின் பணம் வேறு வேலைகளுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டிருக்கும். தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் பொறுப்பில் இல்லாத காலத்தில் தனி அலுவலர் பஞ்சாயத்தைக் கவனித்து வருவார்; அப்போதும் கிராம சபையும் மேலாண்மைக் குழுவும் இருந்துகொண்டேயிருக்கின்றன. தீர்மானம் எழுதத் தடையில்லை.

வேலை நடக்கும்போது மதிப்பீட்டின் நகல் ஒன்றைத் தலைமையாசிரியரிடம் வைத்திருக்கச் சொல்லுங்கள். அதில் கண்டுள்ள அளவும் செய்த வேலையின் அளவும் ஒத்திருக்கின்றனவா என்று யாரும் பார்க்கலாம். தளத்தில் தட்டோடு பதித்து முடிந்ததும், வடிகுழாய்களின் வாயைச் சாக்கினால் அடைத்து, தளத்தில் இரண்டு அங்குலம் நீர் தேக்கி ஒரு நாள் வைத்துப் பார்க்குமாறு பொறியாளரைக் கேட்டுக்கொள்ளலாம். ஒப்பந்தக்காரருக்குக் கடைசித் தொகை வழங்குமுன் இச்சோதனையைச் செய்துவிடுவது நல்லது. அதன் பின்னர், ஆண்டுதோறும் புரட்டாசியில் தளத்தின் சருகை அள்ளிக் குழாய் வாய்களைத் திறந்துவிடும் வேலைக்குப் பஞ்சாயத்து ஓர் ஆளைக் குறித்து வைக்க வேண்டும். பிள்ளைகளை ஒருபோதும் ஏற்றக்கூடாது. செய்த வேலை, ஆண்டு, தொகை ஆகியவற்றைச் சுவரில் எழுதும்போது, பழைய எழுத்தை அழிக்காமல் அதன் கீழே எழுதுமாறு வர்ணம் அடிப்பவரிடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.